குரங்கும் இட்லித் தட்டும்

ரிச்சி ஸ்ட்ரீட் கடையில் நான் கேட்ட முதல் கேள்வியிலேயே அந்தத் தம்பிக்கு என்மேல் இருந்த மரியாதை போய்விட்டது. "இதுல எழுத்து எவ்வளவு பெருசா தெரியும்?" என்று கேட்டேன். கையில் வைத்து ஆடும் கேம் கன்சோல் வாங்க வருகிறவர்கள் இப்படிக் கேட்பதில்லை போலிருக்கிறது. என்ன புராசஸர், எவ்வளவு ரேம், விநாடிக்கு எத்தனை ஃபிரேம், சூடாகுமா, இவற்றுக்குத்தான் அவரிடம் பதில் தயாராக இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "படிக்கவா சார்? அப்ப கிண்டில் வாங்கிடுங்களேன்" என்றார். கிண்டில் என்றதில் கிண்டல் இல்லை. உண்மையான அக்கறையில்தான் சொன்னார்.

ஒருவகையில் படிக்கத்தான். நான் ஆட விரும்புவது அட்வென்ச்சர் கேம். அந்தச் சொல்லைக் கேட்டதும் தம்பி முகம் மலர்ந்து, செல்டாவை எடுத்து நீட்டினார். வாள், வில், மலையேற்றம். அருமையான விளையாட்டு என்று கேள்வி. ஆனால் என் கட்டை விரல்களுக்கு அந்த வேகம் வராது. நான் சொல்வது வேறு ரகம். ஓர் அறைக்குள் நுழைவோம். மேசை டிராயரைத் திறந்தால் ஒரு கயிறும் பழைய சாவியும் கிடக்கும். எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வோம். பக்கத்து அறைக் கிழவரிடம் நாலு வார்த்தை பேசுவோம். கயிற்றை எதில் கட்டுவது, சாவி எந்தப் பூட்டுக்கு என்று மணிக்கணக்கில் முழிப்போம். யாரும் சுடமாட்டார்கள். கதையும் விடுகதையும் கலந்த சமாச்சாரம்.

இதற்குப் போய் 'சாகசம்' என்று பெயர் வைத்தது யார்? வில் கிரவுதர் என்ற அமெரிக்க புரோகிராமர். குகைக்குள் இறங்கி வரைபடம் போடுவது அவர் பொழுதுபோக்கு. 1970களின் நடுவில், மணமுறிவுக்குப் பிறகு, தன் மகள்கள் விளையாடட்டும் என்று கென்டக்கியின் மாமத் குகையை வைத்து ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு எழுதினார். படமே கிடையாது. 'வடக்கே போ', 'விளக்கை எடு' என்று தட்டினால், அடுத்து என்ன தெரிகிறது என்று எழுத்தில் பதில் வரும். 1977இல் டான் வூட்ஸ் என்பவர் அதை இன்னும் விரித்தார். அந்த விளையாட்டைப் பலரும் அறிந்த பெயர் 'அட்வென்ச்சர்'. எந்த வனஸ்பதியும் நமக்கு டால்டா ஆனதுபோல, பின்னால் வந்த அத்தனைக்கும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

எனக்கு அது ஒட்டிக்கொண்டது மதுரையில், 1993இல். நண்பனின் சித்தப்பா கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்தார். பகலில் அங்கே லோட்டஸும் டிபேஸும் சொல்லித் தருவார்கள். இரவு எட்டு மணிக்கு மேல் ஒரு 386 மெஷின் எங்கள் நான்கு பேருக்கு. யார் யாரோ கைமாற்றி வந்த ஃபிளாப்பிகளில் 'தி சீக்ரெட் ஆஃப் மங்கி ஐலண்ட்' இருந்தது. ரான் கில்பர்ட் தலைமையில் லூகாஸ்ஃபிலிம் கேம்ஸ் 1990இல் வெளியிட்டது. கடற்கொள்ளையன் ஆகியே தீருவேன் என்று கிளம்பும் கைபிரஷ் திரீப்வுட் என்ற சோப்ளாங்கியின் கதை.

ஆரம்பத்திலேயே திரையில் ஒரு கொள்ளையன் முகம் வரும். இவனை இந்த ஊரில் எந்த ஆண்டு தூக்கில் போட்டார்கள் என்று கேட்கும். பெட்டியோடு வாங்கியவர்களுக்கு ஓர் அட்டைச் சக்கரம் கொடுத்திருப்பார்கள். அதைச் சுழற்றி மேல் பாதி முகத்தையும் கீழ் பாதி முகத்தையும் பொருத்தினால் ஆண்டு தெரியும். திருட்டு நகலைத் தடுக்க அந்த ஏற்பாடு. எங்களிடம் இருந்தது அந்தச் சக்கரத்தின் ஜெராக்ஸ். கத்தரிக்கோலால் வெட்டி, நடுவில் குண்டூசி குத்தி வைத்திருந்தோம். கொள்ளையர் கதையைக் கொள்ளையடித்துத்தான் ஆடினோம்.

அந்த விளையாட்டில் வாள்சண்டை உண்டு. ஆனால் வாளுக்கு வேலை இல்லை. எதிரி உங்களை மட்டம் தட்டி ஒரு வரி சொல்வான். அதற்குச் சரியான பதிலடி கொடுத்தால் நீங்கள் ஓர் அடி முன்னேறுவீர்கள். வழியில் வருகிற சின்னச் சின்னக் கொள்ளையர்களிடம் தோற்றுத் தோற்று வசைகளையும் பதில்களையும் சேகரிக்க வேண்டும். கடைசியில் வாள் வித்தகி ஒருத்தி வருவாள். அவளுடைய வசைகள் எல்லாமே புதியவை. நாம் சேர்த்துவைத்த பழைய பதில்களையே இடம் பார்த்துப் பொருத்த வேண்டும். எசப்பாட்டு கேட்டு வளர்ந்த நான்கு மதுரைப் பையன்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைக்கு இரவு சித்தப்பா வந்து மெயின் சுவிட்சை அணைக்கும்வரை கத்தினோம்.

அடுத்த பாகம் 1991இல் வந்தது. எங்கள் கைக்கு வரும்போது 94. அதில் ஓர் அருவி இருக்கிறது. அதை நிறுத்த ஒரு பம்பைத் திருக வேண்டும். எதைக்கொண்டு? பையில் இருந்த எல்லாப் பொருளையும் போட்டுப் பார்த்தோம். மூன்று வாரம். வேறொரு தீவின் மதுக்கடையில் பியானோ வாசிக்கும் குரங்கு ஒன்று உண்டு. தாளம் காட்டும் கருவியில் வாழைப்பழத்தை மாட்டி ஆட்டி அதை மயக்கி, கோட்டுக்குள் திணித்து வைத்திருந்தோம். வெறுத்துப்போன ஒருவன் அந்தக் குரங்கை எடுத்துப் பம்பில் மாட்டினான். திருகிக்கொண்டது. அருவி நின்றது. ஏன் என்று எங்களுக்குப் புரியவில்லை. கிறுக்குத்தனமான விளையாட்டு, கிறுக்குத்தனமான விடை என்று சிரித்துவிட்டுப் போய்விட்டோம். அமெரிக்காவில் ஒருவகை ரெஞ்சுக்கு 'மங்கி ரெஞ்ச்' என்று பெயர் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நம் ஊர்க் குழாய்க்காரர் பையில் ஸ்பேனரும் பைப் ரெஞ்சும் இருக்கும். குரங்குக்கு எங்கே போவது? இங்கிலாந்துக்காரர்களும் இதில் நம் கட்சிதான். அவர்களுக்கும் அது ஸ்பேனர்.

சரி, கன்சோலுக்கு வருகிறேன். இந்த விளையாட்டுகள் பெரும்பாலும் லேப்டாப்பிலேயே ஓடும். எதற்குத் தனியாக ஒரு பெட்டி என்று அக்கா மகன்கூடக் கேட்டான். பகல் முழுக்க வேலை பார்க்கும் திரை அது. அதே நாற்காலியில், அதே திரையில், ஆபீஸ் மெயில் வந்து விழும் ஓசையைக் கேட்டுக்கொண்டு குரங்கு தேட எனக்கு மனம் வரவில்லை. படுத்துக்கொண்டு ஆட வேண்டும். விடை தெரியாவிட்டால் பட்டென்று நிறுத்திவிட்டுத் தூங்க வேண்டும். இந்த விளையாட்டுகளில் பாதி ஆட்டம் மெஷினை அணைத்த பிறகுதான் நடக்கிறது. குளிக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, 'அட, அந்தக் கயிறு' என்று திடீரென்று பொறிதட்டும். ஆகவே உடனே உறங்கி, விட்ட இடத்தில் உடனே விழிக்கிற மெஷின்தான் வேண்டும்.

அந்த விஷயத்தில் 2004இல் வந்த நின்டெண்டோ டிஎஸ்ஸை மிஞ்ச ஆள் இல்லை. இரண்டு திரை, கீழ்த்திரையில் குச்சியால் தொடலாம், மூடினால் தூங்கிவிடும். அதற்காகவே யோசித்து எழுதிய விளையாட்டுகளும் வந்தன. 'ஹோட்டல் டஸ்க்' என்ற துப்பறியும் கதையை மெஷினைத் திருப்பி, புத்தகம்போலப் பிடித்து ஆட வேண்டும். அதை எழுதிய சிங் நிறுவனத்தின் 'அனதர் கோட்'டில் ஒரு புதிர் என்னை அசத்திவிட்டது. ஒரு திரையில் இருப்பதை இன்னொரு திரையில் முத்திரை குத்த வேண்டும். என்ன தட்டினாலும் நடக்காது. மெஷினையே மூடித் திறக்க வேண்டும். இரண்டு திரைகளும் ஒன்றோடொன்று ஒட்டும் அல்லவா? அவ்வளவுதான் விடை. இப்படி யோசித்தவர்கள் 2010இல் திவாலாகிப் போனார்கள். அந்த விளையாட்டு 2024இல் ஸ்விட்சுக்கு மறுவடிவில் வந்திருக்கிறது. மூடியே இல்லாத மெஷினில் அந்தப் புதிருக்கு என்ன வழி? மாற்றித்தான் செய்திருக்கிறார்கள்.

2008இல் நான் பர்மா பஜாரில் ஒரு டிஎஸ் லைட் வாங்கினேன். கூடவே 'பீனிக்ஸ் ரைட்' என்ற வக்கீல் விளையாட்டின் கார்ட்ரிட்ஜ். சாட்சி பொய் சொல்லும்போது மைக்கில் 'அப்ஜெக்‌ஷன்!' என்று கத்தலாம். பாண்டியன் எக்ஸ்பிரஸில் மேல் பெர்த்தில் படுத்தபடி கத்தி, கீழ் பெர்த்துப் பெரியவரை எழுப்பிவிட்டேன். மறுநாள் மதுரையில் திறந்து பார்த்தால் மறுபடி முதல் வழக்கு. ஆடியது எதுவும் பதிவாகவில்லை. போலி கார்ட்ரிட்ஜ். திருப்பிக் கொண்டுபோனபோது, "விக்கும்போது நல்லாத்தான் இருந்துச்சு" என்று கடைக்காரர் சொன்னார். முதல் வழக்கை ஏழு முறை ஜெயித்த வக்கீல் நானாகத்தான் இருப்பேன். ஜெராக்ஸ் சக்கரத்துக்குக் கிடைத்த தண்டனை என்று எடுத்துக்கொண்டேன்.

இந்த முறை அக்கா மகன் நிறைய ஆராய்ந்து ஒரு பட்டியல் அனுப்பினான். முதலிடம் ஆசுஸின் ரோக் அல்லி. 2023இல் இங்கே வந்தபோது 69,990 ரூபாய். முப்பது வருடத்துக்கு முந்தைய குரங்கை ஓட்ட எழுபதாயிரம் ரூபாய் குதிரை வேண்டாம் என்றேன். "மாமா, நாளைக்கு வேற கேம் ஆடுவீங்கல்ல?" என்றான். மாட்டேன்.

அடுத்து ஸ்டீம் டெக். இதில் எனக்கு உண்மையாகவே சபலம் உண்டு. கைப்பிடிக்குப் பக்கத்தில் இரண்டு சதுரமான டச்பேடுகள் இருக்கின்றன. மவுஸுக்கென்று எழுதிய பழைய விளையாட்டுகளுக்கு இதைவிடப் பொருத்தம் கிடையாது. அம்புக்குறியைச் சாதா ஸ்டிக்கால் நகர்த்துவது இடுக்கியால் கடுகு பொறுக்குவது மாதிரி. மங்கி ஐலண்டின் முதல் இரண்டு பாகங்களின் புதுப்பித்த பதிப்புகளும் அதில் ஓடும். ஆனால் எடை 640 கிராமுக்குக் குறையாது. மல்லாக்கப் படுத்து ஆடுகிறவன் தூங்கிப்போனால் மூக்கு என்னாகும்? தவிர, வால்வ் நிறுவனம் அதை இந்தியாவில் நேரடியாக விற்பதில்லை. கெட்டுப்போனால் கடைக்காரர் தயவுதான்.

நின்டெண்டோவும் ஸ்விட்சை இங்கே முறையாகக் கடை விரித்து விற்கவில்லைதான். ஆனால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் அதைப் பிரித்து மாட்டத் தெரிந்த கைகள் நிறைய. ஸ்விட்ச் லைட் 275 கிராம், கைக்குச் சுகம். திரை ஐந்தரை அங்குலம். கடையில் கண்ணாடியைக் கழற்றி, மாட்டி, நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தேன். வெள்ளெழுத்து வந்தவனுக்கு அது ஆகாது. ஏழு அங்குல ஓலெட் மாடலைத் தம்பி எடுத்துக் கொடுத்தார். பழசு, ஒரு கை மாறியது. எழுத்து தெரிந்தது. விரலாலும் தொட்டு ஆடலாம். வாங்கிவிட்டேன்.

என் தீர்ப்பு இதுதான். அட்வென்ச்சர் கேமுக்கு என்று வாங்குகிறவர்கள் புராசஸரை மறந்துவிட்டு, கடையிலேயே உங்கள் மூக்குக்கண்ணாடியோடு ஒரு பக்க வசனத்தைப் படித்துப் பாருங்கள். படித்துக்கொண்டே பத்து நிமிடம் கையில் பிடித்திருங்கள். மணிக்கட்டு வலித்தால் வேண்டாம்.

கையில் பிடித்து ஆடும் மெஷினை வாங்க இன்னொரு காரணமும் இருக்கிறது. அது வாங்கிய பிறகுதான் எனக்கே தெரிந்தது. 'வெண்பா' என்று ஒரு விளையாட்டு. டொரன்டோவில் இருக்கும் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்டது. கனடாவுக்குக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பம். வெண்பா, பாவலன், அவர்கள் மகன் கவின். 1988இல் தொடங்கும். அம்மா கொடுத்தனுப்பிய சமையல் குறிப்பு நோட்டு கிழிந்தும் அழிந்தும் இருக்கிறது. விட்டுப்போன வரிகளை நாம்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். அதுதான் புதிர். முதல் பதார்த்தம் இட்லி.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மாட்டிக்கொண்டேன். வில்லாதி வில்லன் கொள்ளையரை எல்லாம் பார்த்தவன், இட்லித் தட்டுகளை அடுக்கத் தெரியாமல் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் மெஷினை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். மனைவி ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தாள். "என்னங்க இது, குழிக்கு மேல குழி வச்சா ஆவி எப்படி மேல போகும்? தட்டைத் திருப்பி வைங்க." ஒரே விரலால் திருப்பினாள். மூடினாள். வெந்துவிட்டது. "இதுக்கா இவ்வளவு நேரம்?" என்று கேட்டுவிட்டு, மெஷினைத் திருப்பித் தராமல், அடுத்து என்ன வருகிறது என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள். ஒன்றரை மணி நேரத்தில் முடிகிற கதை. அன்றைக்குச் சாப்பாடு தாமதம்.

குரங்கைப் பம்பில் மாட்டத் தெரியாமல் நாங்கள் தவித்த அந்த மூன்று வாரத்தையும், இந்த இட்லித் தட்டைப் பார்த்து விழிபிதுங்கும் ஏதோ ஓர் அமெரிக்கப் பையனையும் சேர்த்து நினைத்துக்கொண்டேன். பழைய கணக்கு ஒன்று நேரானது மாதிரி ஒரு அற்ப சந்தோஷம்.

386 மெஷினை நான்கு பேர் சுற்றி நின்றோம். லேப்டாப்பை அப்படி யாரிடமும் நீட்ட முடிவதில்லை. இதை முடிகிறது. சமையலறைக்குக் கொண்டுபோகலாம், ஊஞ்சலில் இருப்பவர் மடியில் வைக்கலாம், "இதுல உங்களுக்கு ஏதாவது தோணுதா?" என்று கேட்கலாம்.

இப்போது 'திம்பிள்வீட் பார்க்' ஓடுகிறது. அதே ரான் கில்பர்ட் கூட்டணி 2017இல் செய்தது. இரண்டு துப்பறிவாளர்கள், ஒரு பிணம், முகச்சாயம் கலையாத சாபம் பெற்ற ஒரு கோமாளி. விளையாட்டுக்குள்ளேயே தொலைபேசி இருக்கிறது. அதில் அழைத்தால் குறிப்பு சொல்வார்கள். நான் அழைக்கவில்லை. பன்னிரண்டு நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். மனைவியும் இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறாள். விடை தெரிந்த வாசகர்கள் தயவுசெய்து கடிதம் போட வேண்டாம்.