‘தோளு போன கேசு’

பொங்கலுக்கு நடக்கும் டென்னிஸ் பால் போட்டிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார்கள், கச்சிராயபாளையம் சாலையில் ஒரு டீக்கடையில். வெள்ளிமலைப் பக்கத்துப் பையன் ஒருவனின் பேச்சு வந்ததும் கேப்டன் உதட்டைப் பிதுக்கினார். “வேணாம்ணே, அவன் தோளு போன கேசு.” முடிந்தது கதை. யார்க்கர் விழுமா, கடைசி ஓவரை நம்பிக் கொடுக்கலாமா என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனுக்குப் பதிலாக எடுத்தது கேப்டனின் மச்சானை. மச்சானுக்கு இதுவரை காயமே பட்டதில்லை. அவர் பந்துவீச்சில் அடிபடுவதெல்லாம் எல்லைக்கோட்டில் நிற்கும் நம் ஆட்கள்தான்.

ஐபிஎல் ஏலம் வந்தால் ஊரே இப்படித்தான் டாக்டராகிவிடுகிறது. 2022-இல் சென்னை 14 கோடி கொடுத்து எடுத்த தீபக் சாஹர் அந்த சீசனில் ஒரு பந்துகூடப் போடவில்லையாம். அந்த ஒரு கதையை இன்னும் எத்தனை வருஷம் ஓட்டுவார்களோ!

சரி, ஆஸ்திரேலிய வேகப்பந்து வீச்சாளர் கம்மின்ஸை என்ன செய்யலாம்? 2011-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் முதல் டெஸ்ட், வயது 18, இரண்டாம் இன்னிங்ஸில் ஆறு விக்கெட். அடுத்த டெஸ்ட் எப்போது? 2017 மார்ச்சில், ராஞ்சியில். நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் முதுகும் குதிகாலும் மாறி மாறிப் படுத்தின. நம் கேப்டன் அங்கே தேர்வாளராக இருந்திருந்தால் 2012-லேயே கேசை மூடியிருப்பார். ஆஸ்திரேலியா காத்திருந்தது. அந்தத் ‘தேறாத கேசு’தான் 2023 நவம்பர் 19 அன்று அகமதாபாத்தில் நம் எல்லோர் வாயையும் அடைத்துவிட்டு உலகக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனது. அடுத்த மாதமே ஹைதராபாத் அவருக்கு 20.50 கோடி கொடுத்தது.

அதே ஹைதராபாத் அணியில் இன்னொரு கேசும் இருந்தது. நம் வெள்ளிமலை இருக்கிற கல்வராயன் மலையின் மேற்குப் பக்கம் சேலம் மாவட்டம். அந்த மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜன். வலைப்பயிற்சிக்குப் பந்து போட ஆஸ்திரேலியா போனவர், அந்த ஒரே பயணத்தில் மூன்று வடிவ ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக இறங்கினார். 2021-இல் முழங்காலில் அறுவை சிகிச்சை. அவ்வளவுதான் என்றார்கள். 2024 ஐபிஎல்லில் அவருக்கு 19 விக்கெட், கம்மின்ஸுக்கு 18. அணி சேப்பாக்கத்தில் இறுதிப்போட்டி ஆடியது. “2025-இல் டெல்லி 10.75 கோடி கொடுத்து இரண்டே மேட்ச்தானே ஆடினார்?” என்று குறுக்கே ஒரு குரல் வரும், தெரியும். கம்மின்ஸுக்கு ஐந்து வருஷம் பொறுத்தார்களே ஐயா, நம்ம ஆளுக்கு ஒரு சீசன் பொறுக்க முடியாதா? பும்ராவுக்கு 2023-இல் முதுகில் கத்தி வைத்தார்கள். அடுத்த வருஷம் டி20 உலகக் கோப்பையின் தொடர் நாயகன் யார்?

பேட்ஸ்மேன் பத்து மேட்ச் சொதப்பினால் “ஃபார்ம் இல்லை, வந்துடுவார்” என்கிறோம். பவுலருக்கு ஒரு தசை பிடித்தால் கேசு. கியர்பாக்ஸ் இரண்டு முறை இறங்கிய டிராக்டரைக்கூட அடுத்த கரும்பு வெட்டுக்குத் தயார் செய்கிறவர்கள்தான் இப்படிப் பேசுகிறார்கள்.

அந்தப் பையனின் தோளைக் கெடுத்தது யார்? சிமெண்ட் பிட்சில், ஒரே ஞாயிற்றுக்கிழமை இரண்டு அணிகளுக்கு ஓடவிட்டு, “இன்னும் ஒரு ஓவர் போட்றா தம்பி” என்று கெஞ்சிய இதே கூட்டம்தானே? வலி வந்ததும் அவனை மலைக்குப் பஸ் ஏற்றிவிட்டார்கள். கட்டு கட்டுகிற வைத்தியர்தான் அவனுக்குக் கிடைத்த பிசியோ. நூறு ரூபாய் கிரீப் பேண்டேஜுக்கு வழியில்லை. முன்னாள், இந்நாள், வருங்காலம் என்று அத்தனை முகமும் சிரிக்கிற ஃபிளெக்ஸுக்கு மட்டும் எங்கிருந்தோ பணம் வந்துவிடுகிறது. பரிசளிப்பு விழாவுக்கு வருகிறவருக்குச் சால்வை வேறு, ஒன்றல்ல, வரிசையாக.

நன்கொடை நோட்டோடு இந்த வருஷம் என் வீட்டுப் படியேற வேண்டாம். போட்டி நடக்கிற நாட்களில் ஒரு பிசியோவை மைதானத்தில் உட்காரவைப்பதாக இருந்தால் வாருங்கள், அந்தச் செலவு என்னுடையது.