சீட்டு எழுதினா போதுமா?

மும்பைக்கு வந்து பதினோரு வருஷம் ஆச்சு. எங்க வீட்ல சமைக்கிற அக்காவுக்கு திருநெல்வேலிப் பக்கம். அவங்க பையன் நோட்டுல போன வாரம் ஒரு மடிச்ச சீட்டு பார்த்தேன். பள்ளிக்கூடத்துல கண்ணைப் பரிசோதிச்சு, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி எழுதியிருக்காங்க. எழுதி ஆறு மாசம்!

"ஒரு நாள் கூலி போயிடும் தம்பி. எந்த வரிசைல நிக்கணும்னும் தெரியாது"ன்னாங்க. யாரைக் குறை சொல்ல?

ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம்னு 2013-ல மத்திய அரசு ஆரம்பிச்ச திட்டம் இருக்கு. அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்கு வருஷம் ஒரு தடவை மருத்துவக் குழு வரணும். நல்ல விஷயம்தான். ஆனா கண்டுபிடிக்கிறது பாதி வேலைதானே?

தாராவியில மாநகராட்சியே தமிழ் வழிப் பள்ளி நடத்துது. பக்கத்துல இருக்கிற சயான் ஆஸ்பத்திரியும் மாநகராட்சியோடதுதான். ரெண்டுக்கும் ஒரே முதலாளி! மாசம் ஒரு நாள், சீட்டு வாங்கின பிள்ளைகளை ஆசிரியரே மொத்தமா கூட்டிட்டுப் போகட்டும். அங்கே அவங்களுக்குத் தனி வரிசை இருக்கட்டும். புதுசா கட்டடமா கேக்குறோம்?

அது நடக்கிறப்ப நடக்கட்டும். உங்க வீட்டுக்கு வேலைக்கு வர்றவங்க பிள்ளைங்க நோட்டையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்க. நாளைக்கு நான் லீவு. பையனோட ஆஸ்பத்திரிக்குப் போறேன்.