ஐநூறு ரவுண்டு சாட்சிகள்

அமெரிக்காவில் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் வைத்திருப்பவரிடம் "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், எந்த ஊராக இருந்தாலும் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். "ஐநூறு ரவுண்டு சுட்டாச்சு, ஒரு தடவைகூட மக்கர் பண்ணலை. குறியா? சொல்லவே வேண்டாம்!" கூடவே மூன்று ஓட்டைகள் ஒட்டி ஒட்டி விழுந்த காகிதம் ஒன்றையும் எடுத்து நீட்டுவார். புது பைக் வாங்கியவன் மைலேஜ் பற்றிப் பீற்றிக்கொள்வது போலத்தான். ஆனால் பைக்காரன் சொன்னது பொய்யானால் பெட்ரோல் காசோடு போயிற்று. இங்கே போவது தொடை, முழங்கால், சில நேரம் உயிர்.

இந்தச் சாட்சியத்துக்கு என்ன மதிப்பு? ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதையே நம்பி ஒரு நாடு காலம் தள்ளுகிறது என்பதுதான் கொடுமை.

முதலில் அந்த ஐநூறு. கணக்கு என்றாலே ஓடுகிறவர்கள் ஒரு நிமிஷம் பொறுத்துக்கொள்ளவும். ஐநூறு முறை சுட்டு ஒரு கோளாறும் வரவில்லை என்றால், புள்ளியியல்படி 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது இவ்வளவுதான்: கோளாறு விகிதம் 167-க்கு ஒன்றைவிட மோசமாக இருக்காது. (மூன்றைச் சுட்ட எண்ணிக்கையால் வகுத்தால் வருகிற கணக்கு இது.) 167-க்கு ஒரு முறை சிக்கிக்கொள்ளும் பிஸ்டலை உயிர் காக்கும் ஆயுதம் என்று யாராவது வாங்குவார்களா? இதையே திருப்பிப் பாருங்கள். அப்படிப்பட்ட ஓட்டை பிஸ்டல்களை இருபது பேரிடம் கொடுத்து ஆளுக்கு ஐநூறு சுடச் சொன்னால், சராசரியாக ஒருவருக்கு ஒரு கோளாறும் வராது. அந்த ஒருவர்தான் ஊரெல்லாம் போய்ப் பெருமை பேசுவார். மற்றவர்கள்? பாதிப் பேர் சத்தமில்லாமல் விற்றுவிட்டு வேறு வாங்குவார்கள்.

மீதிப் பேருடைய புகாருக்குப் பதில் தயாராக இருக்கிறது. முதல் சில நூறு ரவுண்டில் சிக்கினால், "புது துப்பாக்கி, பழக வேண்டாமா?" அதற்கப்புறம் சிக்கினால், மலிவான தோட்டா. நல்ல தோட்டாவிலும் சிக்கினால், மேகசின் சரியில்லை. எல்லாம் சரியாக இருந்தும் சிக்கினால், சுட்டவர் மணிக்கட்டைத் தளர விட்டுவிட்டார்! இவற்றில் ஒவ்வொன்றும் சில நேரங்களில் உண்மை என்பதுதான் சிக்கல். மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாமல் காலித் தோட்டா மாட்டிக்கொள்வது நிஜமாகவே நடக்கும். ஆனால் எல்லாச் சாக்கையும் வரிசையாக வைத்துக்கொண்டால், பிஸ்டல் மேல் தப்பு என்று சொல்ல ஒரு இடுக்குகூட மிச்சமில்லை. சாமியார் வாக்கு பலிக்காவிட்டால் பக்தனின் விரதத்தில்தான் குறை என்பார்களே, அந்தக் கதை.

குறி பார்க்கும் காகிதக் கதை இன்னும் மோசம். ஒரே துப்பாக்கி, ஒரே கை. மூன்று குண்டு சுட்டால் சராசரியாக 3 அங்குலம் பரவுகிறது என்றால், பத்து குண்டு சுட்டால் அது 4¾ அங்குலத்துக்குப் போகும். துப்பாக்கி கெட்டுப்போகவில்லை, நிறைய சுட்டால் ஓரத்தில் விழுவதும் நிறைய, அவ்வளவுதான். அதனால்தான் எல்லாரும் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தூரத்தையும் பார்க்க வேண்டும். 7 கஜத்தில் 1 அங்குலம் என்பது 25 கஜத்தில் மூன்றரை அங்குலத்துக்குச் சமம். அன்றைக்குச் சுட்ட ஆறு காகிதத்தில் எதை எடுத்து வந்தார் என்று கேட்பது மரியாதை இல்லை, விட்டுவிடலாம்.

உண்மையான சோதனை என்றால் எப்படி இருக்கும்? 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் கோல்ட், சாவேஜ் என்ற இரண்டு பிஸ்டல்களை 6,000 ரவுண்டு சுட்டுப் பார்த்தது. கோல்ட்டில் ஒரு கோளாறும் இல்லை. சாவேஜில் 37. நூறு வருஷத்துக்கு முன்னாலேயே ஐநூறு போதாது என்று தெரிந்திருக்கிறது. கலிபோர்னியாவிலோ கைத்துப்பாக்கி விற்க மாநிலச் சட்டம் கேட்கும் சுடும் சோதனை 600 ரவுண்டு. முதல் 20-ல் கோளாறு வரக்கூடாது. மொத்தத்தில் ஆறு வரை வந்தால் பாஸ்! அதையாவது கேட்கிறார்களே என்று சந்தோஷப்பட வேண்டியிருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். சிக் சாவர் நிறுவனத்தின் பி320. 2014-ல் விற்பனைக்கு வந்தது. 2017 ஜனவரியில் இதை அடிப்படையாகக் கொண்ட பிஸ்டலை அமெரிக்க ராணுவம் தேர்ந்தெடுத்தது. ஒப்பந்தத்தின் உச்சவரம்பு 58 கோடி டாலர். அந்த மூன்று வருஷத்தில் லட்சக்கணக்கானோர் இதை வாங்கிச் சுட்டுப் புகழ்ந்து தள்ளினார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. நிஜமாகவே நன்றாகத்தான் சுட்டது.

2017 ஆகஸ்ட்டில் சிலர் அதைச் சாய்வாக, ஸ்லைடின் பின்பக்கம் தரையில் மோதும்படி கீழே போட்டுப் பார்த்தார்கள். விசையை யாரும் தொடாமலே வெடித்தது. காரணம் எளிது. பஸ் சடன் பிரேக் போட்டால் நின்றுகொண்டிருப்பவர் முன்னால் சாய்வதில்லையா? அதேபோல, துப்பாக்கி பின்பக்கமாக மோதி நிற்கும்போது கனமான விசை மட்டும் பின்னோக்கி நகர்ந்துகொண்டே இருக்கிறது. விரல் இழுத்ததா வேகம் இழுத்ததா என்று உள்ளே இருக்கும் பாகங்களுக்கு எப்படித் தெரியும்? குளோக் பிஸ்டலில் விசையின் நடுவே சின்ன நாக்கு ஒன்று இருக்கும். அது அழுந்தாமல் விசை நகராது. பி320-ல் அது கிடையாது. தொழில்துறையின் வழக்கமான விழும் சோதனையில் பி320 பாஸ்தான். வெடித்த அந்தக் கோணம்தான் சோதனைப் பட்டியலில் இல்லை.

ராணுவம் மட்டும் தன் சோதனையிலேயே இந்தக் குறையைக் கண்டுபிடித்து, தன்னுடைய பிஸ்டல்களில் விசை அமைப்பை மாற்றச் செய்திருந்தது. 2018 ஜனவரியில் வந்த பென்டகன் சோதனைப் பிரிவின் அறிக்கையில் இது பதிவாகியிருக்கிறது. கடையில் வாங்கியவர்களுக்கு? வீடியோக்கள் பரவிய சில நாட்களில் நிறுவனம் 'தன்னார்வ மேம்படுத்தல்' என்று ஒன்றை அறிவித்தது. அனுப்பினால் எடை குறைந்த விசை, புதிய உள்பாகங்கள் எல்லாம் இலவசம். 'திரும்பப் பெறுகிறோம்' என்ற வார்த்தை மட்டும் வாயில் வரவில்லை. அதற்கு முன்பே, அந்த ஜனவரியில், கனெக்டிகட்டின் ஸ்டாம்ஃபோர்டில் உறையோடு கீழே விழுந்த பி320 வெடித்துத் தன் காலில் குண்டு பாய்ந்ததாக ஒரு போலீஸ்காரர் வழக்குப் போட்டிருந்தார்.

லட்சம் பேர் லட்சம் ரவுண்டு சுட்டாலும் இந்தக் குறை வெளியே வந்திருக்காது. சுடும் இடத்தில் யாரும் பிஸ்டலைக் கீழே போடுவதில்லையே! "எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று எத்தனை பேர் சொன்னாலும் கூட்டுத்தொகை பூஜ்யம்தான்.

இதே கத்தி மறுபக்கமும் வெட்டும். திருத்தப்பட்ட பி320-யும் உறைக்குள் தானாக வெடிக்கிறது என்று வழக்குகள் தொடர்ந்தன. 2024-ல் ஜார்ஜியாவில் ஒரு ஜூரி 23.5 லட்சம் டாலரும், பிலடெல்பியாவில் இன்னொரு ஜூரி 1.1 கோடி டாலரும் இழப்பீடு தரச் சொன்னார்கள். வேறு பல வழக்குகள் தள்ளுபடியாயின. விசையை இழுக்காமல் வெடிக்காது என்று நிறுவனம் அடித்துச் சொல்கிறது. 2025 ஜூலையில் வயோமிங் விமானப்படைத் தளம் ஒன்றில் இதன் ராணுவ வடிவமான எம்18-ன் குண்டு பாய்ந்து ஒரு வீரர் இறந்தார். உடனே அந்தக் கட்டளையகம் எம்18-ஐ நிறுத்திவைத்தது. ஆகஸ்ட்டில் பொய் வாக்குமூலம், மரணம் விளைவித்தல் ஆகிய சந்தேகங்களில் சக வீரர் ஒருவர் கைதானார். பிஸ்டல்கள் மறுபடி உறைக்குத் திரும்பின. உடனே விசிறிகள் "பார்த்தாயா!" என்று குதித்தார்கள். எதைப் பார்ப்பது? அந்த ஒரு சம்பவத்தில் பிஸ்டல் மேல் பழி விழவில்லை, சரி. 2017-ல் கீழே போட்டால் வெடித்தது இதனால் இல்லாமல் போய்விடுமா?

இதையெல்லாம் நடுநிலையாகச் சோதித்துத் தீர்ப்புச் சொல்ல ஒரு அரசு அமைப்பு இருக்குமே என்று நினைப்பீர்கள். இல்லை! நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தை அமைத்த 1972 சட்டத்திலேயே துப்பாக்கிக்கு விலக்கு. 1976-ல் அந்தக் கதவை இன்னும் இறுக்கிச் சாத்தினார்கள். டோஸ்டர் தீப்பிடித்தால் ஆணையம் நடவடிக்கை எடுக்கலாம். பொம்மைத் துப்பாக்கியில் குறை இருந்தாலும் எடுக்கலாம். 2001-ல் டெய்சி நிறுவனத்தின் காற்றுத் துப்பாக்கிகளை எதிர்த்து இதே ஆணையம் வழக்கே தொடுத்தது. நிஜத் துப்பாக்கி என்றால் மட்டும் கை கட்டி நிற்க வேண்டும். உரிமம் வழங்கும் மத்திய அமைப்புக்கோ கடைக் கணக்கைப் பார்ப்பதுதான் வேலை. உள்ளே ஸ்பிரிங் சரியா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை.

ஆக, பரிசோதனைக் கூடம் வாங்கியவரின் இடுப்பு. அறிக்கை எழுதுபவரும் அவரே. 2017-ல் பி320-ஐ அனுப்பித் திருத்திக்கொள்ளாதவரிடம் அந்தப் பழைய விசை இன்றும் அப்படியேதான் இருக்கும். எப்படி இருக்கிறது என்று அவரைக் கேட்டால், ஐநூறு ரவுண்டு சுட்டாச்சு, ஒரு தடவைகூட மக்கர் பண்ணலை என்றுதான் சொல்வார்.