கருவிக்கும் காண்டிகை வேண்டும்

நாணுடைமை அதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் கயிற்றால் ஆடும் மரப்பாவையை உவமையாக்கினார். அப்பாவையை ஆட்டுபவனுக்கு எந்தக் கயிற்றை இழுத்தால் எந்தக் கை உயரும் என்று எவரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. அவன் விரல் அறியும். இன்று கணினித் திரையில் ஆடும் பாவைகளை ஆட்டும் செயற்கை நுண்ணறிவுக்கோ விரல் இல்லை. அது கயிற்றைக் காண்பதில்லை. கயிற்றைப் பற்றி எழுதப்பட்ட சில வரிகளையே காண்கின்றது. அவ்வரிகளை எழுதுவோர் மொழியறிந்து எழுதவேண்டும் என்பது என் கட்சி.

என் பழைய மாணவர் ஒருவர் கொழும்பில் மென்பொருள் எழுதுகிறார். பொங்கல் விடுமுறையில் அப்புத்தளைக்கு வந்தவர், சிறுவருக்கு எழுத்துக் கற்பிக்கத் தாம் அமைத்த சித்திரச் சிறுமி ஒருத்தியைத் திரையில் காட்டினார். குன்றின் படம் தோன்றியது. அவருடைய மருமகள், ஏழு வயதுக் குழந்தை, ‘மலை’ என்று செவ்வையாக எழுதினாள். சித்திரச் சிறுமியோ இடமும் வலமுமாகத் தலையை ஆட்டி மறுத்தாள்! குழந்தை முகம் வாடி, எழுதியதை அழித்து, ‘மழை’ என்று எழுதினாள். (அப்புத்தளையில் இரண்டும் ஒருசேர நிற்பது வேறு விடயம்.)

பிழை எங்கே? கருவிப் பட்டியலை வாங்கிப் பார்த்தேன். ‘தலையசை: தலையை அசைக்கும்’ என்று ஒரே வரி. உடன்பாட்டிற்கும் தலையசைக்கிறோம், மறுப்பிற்கும் தலையசைக்கிறோம். நம் நாட்டிலோ ஆமென்பதற்கே தலையைப் பக்கவாட்டில் சாய்த்தாட்டும் வழக்கமும் உண்டு. குழந்தையைப் பாராட்ட எண்ணிய இயந்திரம் அவ்வரியை நம்பியது. ஓவியர் வரைந்து வைத்திருந்ததோ மறுப்பு.

இத்தகைய கருவிகளின் அமைப்பு எளியது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்னும் பொதுநெறியை எடுத்துக்கொள்வோம். அதில் கருவிக்கு ஒரு பெயர், ஒரு விளக்கம், உள்ளிட வேண்டியவற்றின் வடிவம் ஆகியவை தரப்படும். இவற்றைப் படித்தே நுண்ணறிவு எதனை எப்போது ஏவுவது என்று துணிகின்றது. 2023இல் ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டுலகில் உலவவிடப்பட்ட ‘வோயேஜர்’ என்னும் ஆய்வுப் படைப்பு, தான் கற்ற திறன்களை விளக்கவுரையோடு சேமித்து, அவ்வுரையின் பொருளைக் கொண்டே பின்னர் தேடி எடுத்தது. உரை பிழைத்தால், கற்ற திறன் இருந்தும் இல்லாததே.

நம் பவணந்தி முனிவர் பதின்மூன்றாம் நூற்றாண்டிலேயே நூற்குற்றம் பத்து என வகுத்தார். குன்றக் கூறல் அவற்றுள் முதலாவது. மயங்க வைத்தலும் ஒன்று. மாணவரின் அவ்வொரு வரியில் இரண்டும் உள. ஆயினும் அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. பாவையைப் படைத்தவர் அவரே. ஆகவே தமக்குப் போதுமான சூத்திரத்தை எழுதினார். சூத்திரம் அறிந்தவனுக்கு நினைவூட்டும். அறியாதவனுக்கு உரை வேண்டும். கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு, வினா, விடை என்பவற்றால் உட்பொருளை விளக்குவது காண்டிகையுரை என்று நன்னூல் கூறும். கருவிக்கு வேண்டுவதும் அதுவே.

இருவரும் அமர்ந்து அதனை இரண்டாகப் பிரித்தோம். ‘ஆமெனத் தலையாட்டு: தலையை மேலுங்கீழுமாக இருமுறை அசைக்கும். குழந்தையின் விடை சரியாயின் பயன்படுத்துக. வணக்கம் சொல்வதற்குப் பயன்படுத்தற்க.’ மறுப்பிற்கு வேறொன்று. ‘திரும்பு’ என்பதில் வலப்பக்கம் யாருடைய வலம், பாவைக்கா, பார்க்கும் குழந்தைக்கா? ‘நட: 5’ என்றால் ஐந்தடியா, ஐந்து விநாடியா? தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் எந்த மலை, எந்த நிரை என்று சொல்லாமல் ஆளை அனுப்பிய கங்காணி உண்டா? செயல் கைகூடாதபோது கருவி தரும் மறுமொழியும் இவ்வாறே. ‘முடியவில்லை’ என்பது பயனற்றது. ‘கதவு சாத்தியிருக்கிறது, முதலில் திறக்க’ என்பதே அடுத்த அடிக்கு வழி.

அப்படியாயின் நீளமாக எழுதிவிடலாமே எனின், அதுவும் தகாது. கருவிகள் பலவாயின் அத்தனை விளக்கங்களும் நுண்ணறிவு ஒருங்கே படிக்கும் பகுதியில் இடம் பிடிக்கும். மிகைபடக் கூறினால் வேண்டிய சொல் வேண்டாத சொற்களுள் மறையும். விருத்தியுரை எழுதும் ஆசை பண்டிதர்க்கு எளிதில் வரும், எனக்கும் வந்தது. ‘நட’ என்பதற்கு நான் எழுதிய பதினோரு வரிகளை மாணவர் பணிவோடு மூன்றாக்கினார். அவர் செய்தது சரியே.

இவ்வேலை பொறியியலார்க்கு மட்டும் உரியது என்று தமிழாசிரியர் ஒதுங்கியிருத்தலை நான் ஏற்கேன். விளக்கத்தை ஆங்கிலத்தில் எழுதினால் போதும் என்பாரும் உளர். எழுதலாம், ஆனால் பார்க்கும் குழந்தை தமிழ்க் குழந்தை, அசைவு நம் வழக்கு. ‘ஷேக்’ என்றும் ‘நாட்’ என்றும் இரண்டே சொல் வைத்திருப்பவர், நம் பக்கவாட்டுச் சாய்வை எதில் அடக்குவார்?

இவ்வாரம் மாணவர் மேலும் பதினான்கு கருவிகளின் பட்டியலை அனுப்பியுள்ளார். ‘வணங்கு’ என்பதில் நின்றுகொண்டிருக்கிறேன்: கை கூப்புவதா, தலை தாழ்த்துவதா, பெரியோர் காலைத் தொடுவதா?