ஒரு டிரம் உப்புத் தண்ணீர் ஓரமாக இருக்கட்டும்

கேள்வி: நெல், மணிலா, கொஞ்சம் கரும்பு என்று விவசாயம் செய்கிறோம். மகன் வீட்டில் 200 லிட்டர் கண்ணாடித் தொட்டி வைத்து, நிமோ என்கிற கோமாளி மீன் குஞ்சுகளை வாங்கி வளர்த்துக் கடைகளுக்குக் கொடுத்துவந்தான். போன மாதம் ஒரு மீன் கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் மற்ற மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. புதுச்சேரிக்கு ஓடி, கடல் மீன் உப்பு வாங்கிவந்து, போர் தண்ணீரில் கரைத்து உடனே ஊற்றினோம். இருட்டுவதற்குள் 22 மீன்களும் போய்விட்டன. மகன் தொட்டியைத் துடைத்துப் பரணில் போட்டுவிட்டான். அந்த உப்புத் தண்ணீரை முன்கூட்டியே கரைத்து வைக்க முடியாதா? வைத்தால் கெட்டுப்போகாதா?
- குறிஞ்சிப்பாடி அருகிலிருந்து ஒரு வாசகர், கடலூர் மாவட்டம்.

பதில்: வைக்கலாம். வைத்தே ஆக வேண்டும். மகனிடம் தொட்டியைப் பரணிலிருந்து இறக்கச் சொல்லுங்கள்.

மீன் நான் படித்த பாடம் இல்லை. மீன்வளத்துறையில் இருக்கும் நண்பரிடம் கேட்டுச் சரிபார்த்துத்தான் எழுதுகிறேன். அதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் குடியிருப்பில் பக்கத்து வீட்டுப் பையனின் கடல் மீன் தொட்டி இரவில் ஒழுக ஆரம்பித்தது. பாதித் தண்ணீர் போய்விட்டது. ஓடிவந்து என்னிடம் கேட்டான். "உப்பு உப்புதானே தம்பி, கல் உப்பைக் கரைத்து ஊற்று" என்றேன். விவசாயம் படித்தவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று அவனும் ஊற்றினான். காலையில் ஒரு மீன்கூட இல்லை. அவன் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

கல் உப்பு ஏன் ஆகாது என்பதை உப்பளத்தைப் பார்த்தவர்கள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. பெரும்பகுதி சோடியம் குளோரைடுதான் என்றாலும், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியம் 0.4 கிராம், பொட்டாசியம் 0.4 கிராம் அளவில் அதில் உண்டு. பாத்தியில் நீர் வற்றும்போது கால்சியம் முதலில் ஜிப்சமாகப் படிந்துவிடும். நாம் மணிலாவுக்குப் போடும் ஜிப்சத்தில் ஒரு பங்கு இப்படி உப்பளத்திலிருந்து வருவதுதான். பிறகு உப்பு விளைகிறது. மக்னீசியமும் பொட்டாசியமும் கடைசியில் வடித்துக் கொட்டும் கசப்பு நீரோடு போய்விடும். அதனால்தான் கடல் மீனுக்கென்று எல்லாம் சேர்த்த உப்பைத் தனியாக விற்கிறார்கள். நீங்கள் சரியான உப்பைத்தான் வாங்கியிருக்கிறீர்கள். ஆனால் தண்ணீர் பதப்படுவதற்கு அவகாசம் கொடுக்கவில்லை.

போர்டோ கலவையை அன்றன்றைக்குக் கலந்து அன்றே அடிக்கச் சொல்வோம். உப்புத் தண்ணீர் இதற்கு நேர் எதிர். கரைத்த கையோடு ஊற்றினால் கரையாத துகள் இருக்கும், கார அமில நிலை நிலைப்பட்டிருக்காது, சூடு தொட்டியோடு ஒத்துப்போகாது. போர் தண்ணீர் என்றால் கரியமில வாயு, கடினத்தன்மை, நைட்ரேட் எல்லாம் கூடவே வரும். உங்கள் மீன்களை முதலில் வாட்டியது செத்த மீனிலிருந்து வந்த அம்மோனியா. கார அமில நிலை ஒரு புள்ளி ஏறினால் அம்மோனியாவின் நஞ்சான வடிவம் ஏறக்குறைய பத்து மடங்கு கூடும். கடல் நீர் இயல்பாகவே 8-க்கு மேல். யூரியா போட்ட களர் நிலத்தில் தழைச்சத்து ஆவியாகிப் போவதும் இதே கணக்கில்தான். ஏற்கெனவே தவித்துக்கொண்டிருந்த மீனுக்கு அவசரத் தண்ணீர் இன்னொரு அடியாக விழுந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நேரத்தையும் கணக்குப் பாருங்கள். வீட்டு ஆர்.ஓ. எந்திரத்தில் 50 லிட்டர் பிடிக்கவே நான்கு மணி நேரம் ஆகும். கரைத்துக் கலக்க ஒரு நாள். மீனுக்கு அவ்வளவு நேரம் இல்லை. பாடு நிரப்ப வயல் மூலையில் ஒரு பிடி நாற்று விட்டு வைக்கிறோம். தேவைப்படும் அன்றைக்கு நாற்று விடுவதில்லை.

உங்கள் தொட்டிக்கு 50 லிட்டர், அதாவது கால் பங்கு, எப்போதும் தயாராக இருந்தால் போதும். மூடியுள்ள, உணவுப் பொருள் வைக்கும் தரத்திலான பிளாஸ்டிக் டிரம் வாங்குங்கள். நம் வீடுகளில் டிரம் என்றால் கொட்டகையில் கிடப்பதை எடுத்துக் கழுவிவிடுவோம். தயவுசெய்து அது வேண்டாம். பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ கலந்த டிரம்மை எத்தனை முறை கழுவினாலும் நம்ப முடியாது. பைரித்ராய்டு வகை மருந்துகள் மிகச் சிறு அளவிலேயே மீனைக் கொல்லும். தாமிரம், பித்தளைப் பாத்திரமும் கூடாது. உப்பு நீரில் தாமிரம் கரைந்தால் தொட்டியில் உள்ள இறால், நத்தை முதலில் போகும். ஆர்.ஓ. எந்திரத்தில் தாமிரம் சேர்க்கும் குடுவை இருந்தால் அதற்கு முன்னாலேயே தண்ணீரைப் பிடியுங்கள்.

முதலில் தண்ணீரை நிரப்பி, சிறிய மோட்டாரையோ ஏர் பம்பையோ ஓடவிட்டு, உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவுங்கள். உப்பைக் கொட்டி அதன்மேல் தண்ணீர் விடக் கூடாது. போர்டோ கலவையில் சுண்ணாம்புக் கரைசலில்தான் மயில்துத்தக் கரைசலை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்தால் கெட்டது என்போமே, அதுபோலத்தான். மாற்றிச் செய்தால் அந்த இடத்தில் செறிவு அதிகமாகி, கால்சியம் வெள்ளை மாவாகப் படிந்துவிடும், பிறகு கரையாது. லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை தேவைப்படும். பையில் என்ன எழுதியிருக்கிறதோ அதுவே கணக்கு. 50 லிட்டருக்கு ஏறக்குறைய 1.8 கிலோ. ஒரு நாள் முழுக்கச் சுழலவிட்டு, பிறகு அளந்து பாருங்கள். கரும்பில் பிரிக்ஸ் பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரின் தம்பி ஒருவன் உப்புக்கென்று கிடைக்கிறான். கரும்புக்கு வைத்திருப்பதையே எடுத்துவிடாதீர்கள், அளவுக்கோடு வேறு. காய்ச்சி வடித்த நீர் ஒரு சொட்டு விட்டுச் சுழியம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே அளக்க வேண்டும். தொட்டியில் என்ன அளவோ, டிரம்மிலும் அதுவே இருக்கட்டும்.

கெட்டுப்போகுமா என்று கேட்டீர்கள். அதில் தீனியும் மீனும் இல்லாததால் அழுக எதுவும் இல்லை. மூடிவைத்து, வெயில் படாமல், தினமும் சிறிது நேரம் காற்றுக் கல் ஓடினால் ஒரு மாதம் தாராளமாக நிற்கும். அடியில் லேசாக வெள்ளைப் பொருக்குப் படியலாம். அதைக் கலக்காமல் மேல்நீரை எடுங்கள். டிரம்மின் வெளிப்பக்கம் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டு, கரைத்த தேதியை எழுதுங்கள். மட்டம் இறங்கினால் ஆவியானது தண்ணீர்தான், உப்பு அல்ல. உப்பில்லாத ஆர்.ஓ. நீரை ஊற்றிக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். இந்த இடத்தில் உப்புத் தண்ணீரையே ஊற்றி, மாதக் கடைசியில் கரிப்பை ஏற்றிவிடுகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று, டிரம்மைத் தொடாமல் பூட்டி வைக்காதீர்கள். வாராவாரம் தொட்டியில் மாற்றும் தண்ணீரையும் அதிலிருந்தே எடுத்து, அன்றே திரும்பக் கரைத்துவிடுங்கள். விதை நெல்லை வருடா வருடம் புதுப்பிப்பது மாதிரி. உப்புப் பையையும் காற்றுப் புகாமல் கட்டி வையுங்கள்; ஐப்பசி மழையில் கல்லாக இறுகிவிடும்.

ஆபத்து வந்தால் முதலில் செத்ததைத் தேடி எடுக்க வேண்டும். தீனியை நிறுத்தி, காற்றைக் கூட்ட வேண்டும். அதன்பிறகு கால் பங்குத் தண்ணீரை இறக்கி, டிரம் தண்ணீரைச் சூடும் உப்பும் ஒத்துப்பார்த்து, மெல்லிய குழாய் வழியாக நிதானமாக விட வேண்டும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா அதில்தான் குடியிருக்கிறது. டிரம் காலியானதும் அடுத்த 50 லிட்டரைக் கரைக்கத் தொடங்கிவிடுங்கள். மறுநாளும் தேவைப்படும்.

எல்லாவற்றுக்கும் இந்த டிரம் மருந்தல்ல. மின்சாரம் போனால் மீன் மூச்சுக்குத்தான் திணறும். 28 டிகிரி வெப்பத்தில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 7.8 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும்; கடல் நீர் 6.4 மட்டுமே. 2018 நவம்பரில் கஜா அடித்தபோது டெல்டாவின் பல ஊர்களுக்கு மின்சாரம் திரும்ப வாரக்கணக்கில் ஆனது. உங்கள் கடலூருக்குப் புயல் புதிதல்ல. பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று டிரம் பக்கத்திலேயே இருக்கட்டும்.

கேள்வி: எங்கள் வீட்டிலிருந்து கடற்கரை நடக்கும் தூரம்தான். வேண்டும்போது இரண்டு குடம் மொண்டுவந்தால் ஆகாதா?
- மண்டபம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி, ராமநாதபுரம் மாவட்டம்.

பதில்: கடல் அமைதியாக இருக்கும் நாளில் மொண்டு வைத்துக்கொள்ளுங்கள் அம்மா. வேண்டும் நாளில் போகாதீர்கள். வடகிழக்குப் பருவமழையில் கரையோர நீரின் உப்பு இறங்கிவிடும். புயல் நேரத்தில் சேறாக இருக்கும். ஓடை விழும் இடத்தையும் படகு நிற்கும் இடத்தையும் விட்டு விலகி எடுத்து, நெருக்கமான துணியில் வடித்து, மூடிய டிரம்மில் இருட்டில் இரண்டு வாரம் தெளியவிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்கள் செத்துப் படிந்த பிறகு மேல்நீரை மட்டும் எடுத்து, காற்று விட்டு, உப்பை அளந்து பயன்படுத்தலாம். தண்ணீர் எடுக்கப் போகிற பிள்ளைகள் பவளப்பாறைத் துண்டையும் தொட்டிக்கென்று கொண்டுவந்துவிடக் கூடாது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது குற்றம். கோமாளி மீன் குஞ்சு பொரிப்பில் உங்கள் ஊர் மத்திய கடல்சார் மீன்வள ஆராய்ச்சி மையத்துக்கு நல்ல அனுபவம் உண்டு. மற்ற சந்தேகங்களை அங்கேயே நேரில் கேளுங்கள்.

கேள்வி: மீன் தொட்டியில் மாற்றிய பழைய தண்ணீரில் சத்து இருக்கிறதாமே, கீரைப் பாத்திக்கு விடலாமா?
- திண்டிவனத்திலிருந்து ஒரு வாசகர்.

பதில்: நல்ல தண்ணீர் மீன் என்றால் தாராளமாக விடுங்கள். கடல் மீன் தொட்டி என்றால் ஒரு சொம்பு கூட வேண்டாம். மின் கடத்துதிறன் 3-ஐத் தாண்டிய கிணற்றுத் தண்ணீருக்கே நாம் யோசிக்கிறோம், இது 50-க்கு மேல். 40 லிட்டரில் 1.4 கிலோ உப்பு இருக்கிறது. பாத்தியிலும் மரத்தடியிலும் கிணற்றோரத்திலும் கொட்டாமல், சாக்கடையில் விட்டு நிறையத் தண்ணீர் ஊற்றிவிடுங்கள்.