முகம் ஒருவருடையது, கத்தரிக்கோல் இன்னொருவருடையது

வேல்ஸ் நாட்டின் சாதாரண மனிதர்களைப் பற்றிய மூன்று, நான்கு நிமிடக் குறும்படங்கள் இணையத்தில் மலிந்து கிடக்கின்றன. பனிமூட்டம் விலகாத மலைச்சரிவில் நாயோடு நடக்கும் ஆட்டிடையர், சிலேட்டுக் கல்லை உளியால் தகடு தகடாகப் பிளந்து காட்டும் முதியவர், தேவாலய மண்டபத்தில் ஒத்திகை பார்க்கும் ஆண்கள் பாடகர் குழு. பின்னணியில் யாழிசை மெல்ல ஒலிக்கும். ஆளில்லா விமானத்தில் பொருத்திய கமரா உயர எழும்பிப் பள்ளத்தாக்கு முழுவதையும் காட்டும். மரபு, சமூகம், வேர்கள் ஆகிய சொற்களில் ஒன்றாவது திரையில் எழுத்தாகத் தோன்றும். படம் முடிந்துவிடும். பார்ப்பதற்கு அழகாகத்தான் இருக்கின்றன. எனது வழக்கு அந்த அழகின் மீதுதான்.

இலண்டனில் வாழும் நண்பர் ஒருவர் இத்தகைய படங்கள் ஐந்தாறின் தொடுப்புகளை அனுப்பி, ஒரு சிறிய இனம் தன்னைத்தானே பதிவுசெய்வது எப்படி என்பதை இவர்களிடம் நாம் கற்க வேண்டும் என்று எழுதியிருந்தார். அவருடைய நல்லெண்ணத்தில் எனக்கு ஐயமில்லை. 'தன்னைத்தானே' என்ற சொல்லில்தான் ஐயம். திரையில் தெரிகின்ற முகம் வெல்ஷ்காரருடையது. அதற்கு மேல் அந்தச் சொல்லை நியாயப்படுத்தும் எதனையும் அப்படங்களில் நான் காணவில்லை. கேள்வியைக் கேட்டவர் யார்? எந்த மொழியில் பேசுமாறு அவர் வேண்டப்பட்டார்? பதிலில் எந்தப் பாதி வெட்டப்பட்டது? பணம் கொடுத்தவர் யார், என்ன நோக்கத்துக்காகக் கொடுத்தார்? இவை தெரியாதவரை அதனைச் சுயபதிவு என்று ஒப்புக்கொள்ள நான் தயாரில்லை.

பிறர் வந்து பார்த்து எழுதிச் சென்ற வரலாறு வேல்ஸுக்கு நீண்டது. 1847ஆம் ஆண்டில் வேல்ஸின் கல்வி நிலை பற்றிய அரசாங்க அறிக்கையொன்று வெளியாயிற்று. ஆராயச் சென்ற ஆணையாளர்கள் மூவர். மூவருக்கும் வெல்ஷ் மொழி தெரியாது. ஆங்கிலம் அறியாத பிள்ளைகளிடம் ஆங்கிலத்தில் வினாக்கள் கேட்கப்பட்டன. விடை வராதபோது அது அறியாமை என்று குறிக்கப்பட்டது. அத்துடன் நில்லாமல், வெல்ஷ் மொழியே அம்மக்களின் முன்னேற்றத்துக்குத் தடை என்றும், வெல்ஷ் பெண்களின் ஒழுக்கம் தாழ்ந்தது என்றும் எழுதிவைத்தார்கள். அட்டை நீல நிறமாக இருந்ததனால் வெல்ஷ்காரர் அவ்வறிக்கையை இன்றும் 'நீலப் புத்தகங்களின் துரோகம்' என்றே அழைக்கிறார்கள். சாதாரண மக்களையும் அவர்களது சமூகத்தையும் பற்றிய சித்திரிப்புத்தான் அதுவும்.

ஏறத்தாழ நூறு ஆண்டுகளின் பின் இகழ்ச்சியின் இடத்தில் புகழ்ச்சி வந்தது. 1941இல் ஜோன் ஃபோர்ட் இயக்கிய 'ஹவ் கிரீன் வொஸ் மை வலி' சிறந்த படத்துக்கான ஒஸ்காரை வென்றது. தோற்ற படங்களில் 'சிட்டிசன் கேன்' ஒன்று. உலகம் வேல்ஸை அறிந்துகொண்டது அந்தப் படத்தினூடாகத்தான். அதில் வரும் சுரங்கக் கிராமமோ கலிபோர்னியாவில் கட்டப்பட்டது. போர்க்காலமாகையால் வேல்ஸுக்குப் போக முடியவில்லை என்பது உண்மை. ஆனால் மூல நாவலை எழுதிய ரிச்சர்ட் லூவெலினும் தாம் வேல்ஸில் பிறந்தவர் என்று சொல்லிக்கொண்டாரே தவிர, பிறந்தது இலண்டனின் ஹென்டன் பகுதியில் என்பது அவர் 1983இல் மறைந்த பின்னரே தெரியவந்தது. அன்போடு பார்ப்பவனும் பொய்யாகப் பார்க்கக்கூடும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இவற்றுக்கு இடையில் வேறு சிலர் வேறு விதமாக வேலை செய்துகொண்டிருந்தார்கள். 1935இல் இவான் அப் ஓவன் எட்வர்ட்ஸ், சிலேட்டுத் தொழிலின் தலைநகர் எனத்தக்க பிளைனாய் ஃபெஸ்டினியோக்கில், 'கல்லகழ்பவன்' எனப் பொருள்படும் படமொன்றை எடுத்தார். வெல்ஷ் மொழியின் முதலாவது பேசும் படம் அது. படம் காட்டும் கருவியைச் சுமந்து சென்று ஊர் ஊராக மண்டபங்களில் திரையிட்டார்கள். அதன் இறுதிச் சுருள் பின்னாளில் தொலைந்துபோக, 2006ஆம் ஆண்டில்தான் முடிவுப் பகுதி மீண்டும் உருவாக்கி இணைக்கப்பட்டது. ஒரு மொழியின் முதற் பேசும் படத்துக்கு 2006 வரை முடிவு இல்லாமலிருந்ததென்றால், அழகான படங்களைப் புதிதாக எடுப்பதைவிட அவசரமான வேலைகள் உண்டு என்பது விளங்கும்.

1949ஆம் ஆண்டின் 'முதுசம்' என்ற படத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வெல்ஷ் பெயரை நமது வழக்கில் அப்படித்தான் பெயர்க்கலாம். 'அ கம்ரோ' என்னும் வெல்ஷ் வாரப் பத்திரிகையின் ஆசிரியர் ஜோன் ரொபர்ட்ஸ் வில்லியம்ஸும், அதன் புகைப்படக்காரர் ஜெஃப் சார்ள்ஸும் சேர்ந்து எடுத்த படம் அது. பத்திரிகைக்காரர் எடுத்த படம் என்பதால் எனக்கு அதன் மீது பாரபட்சம் உண்டு. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும். களம், வடமேற்கு வேல்ஸின் லீன் குடாநாடு. அங்கு வாழ்ந்த மக்களின் உழைப்பும் வழிபாடும் மொழியும், போருக்குப் பிந்திய உல்லாசப் பயணத் தொழிலின் வருகையால் அவற்றுக்கு நேரவிருந்த ஆபத்தும் அதன் பொருள். இவற்றையெல்லாம் காண்பதற்கு அவர்கள் தெரிவுசெய்த கண்கள் யாருடையவை? போர்க்காலக் குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றுவதற்காக லிவர்பூலிலிருந்து அனுப்பப்பட்டு, அங்கேயே வெல்ஷ் பேசக் கற்றுக்கொண்ட கறுப்பினச் சிறுவன் ஒருவனுடையவை. முதுசம் என்பது இரத்தத்தில் வருவதன்று, மொழியைக் கற்றவனுக்கும் அதில் பங்குண்டு என்பதை எந்த அறிவுரையும் இல்லாமல் அந்தத் தெரிவே சொல்லிவிடுகிறது. இன்றைய 'வேர்கள்' படங்களை எடுப்போர் இதனை ஒருமுறையாவது பார்க்கலாம்.

வெளியிலிருந்து வந்த ஒருவரும் நேர்மையாகச் செய்திருக்கிறார் என்பதையும் மறைக்கலாகாது. செக் நாட்டின் லிடிட்சே கிராமத்தை நாசிகள் 1942 ஜூனில் அழித்தார்கள். அந்தப் படுகொலையை ஒரு வெல்ஷ் கிராமத்தில் நடந்ததாகக் கற்பனை செய்து ஹம்ஃப்ரி ஜென்னிங்ஸ் என்னும் ஆங்கிலேயர் எடுத்த 'த சைலன்ட் வில்லேஜ்' 1943இல் வெளிவந்தது. தொழில்முறை நடிகர்களை அவர் தேடவில்லை. கும்கீத் என்ற கிராமத்தின் சுரங்கத் தொழிலாளரும் அவர்களது மனைவி மக்களும் தம்மைத் தாமே நடித்தார்கள். ஜென்னிங்ஸ் அம்மக்களிடையே தங்கியிருந்து, அவர்களோடு கலந்து பேசியே வேலை செய்தார். அவர்கள் தமக்குள் வெல்ஷில் பேசும்போது ஆங்கில எழுத்துகள் கீழே ஓடுவதில்லை. இலண்டன் பார்வையாளனுக்குப் புரியவில்லையா, புரியாமலே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். ஆக்கிரமிப்பாளனின் முகம் படத்தில் இல்லை. ஒலிபெருக்கி கட்டிய காரொன்றும் அதிலிருந்து வரும் கட்டளைகளும் மாத்திரமே. அக்கட்டளைகளில் ஒன்று, பாடசாலையில் வெல்ஷ் மொழிக்குத் தடை.

இங்கே சற்று நிறுத்திச் சிந்திக்க வேண்டும். அது பிரித்தானிய அரசின் பிரசாரப் படம். நாசி வந்தால் உங்கள் மொழியைப் பாடசாலையிலிருந்து துரத்துவான் என்று அரசு சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேல்ஸின் பல பாடசாலைகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் 'வெல்ஷ் நொட்' என்ற மரத்துண்டைத் தொங்கவிடும் வழக்கம் இருந்தது. அடுத்து வெல்ஷ் பேசிப் பிடிபடும் பிள்ளைக்கு அது கைமாறும். நாள் முடிவில் யார் கழுத்தில் இருந்ததோ அவருக்குத் தண்டனை. கும்கீத் வகுப்பறைக் காட்சியைப் பார்த்த முதியோருக்கு எந்த அரசு நினைவுக்கு வந்திருக்கும்? எந்த விளக்கவுரையும் இல்லாமல் இந்தக் கேள்வி எழுகிறது. சாதாரண மக்களைச் சாதாரண மக்களாகவே பேசவிட்டால், பணம் கொடுத்தவன் எண்ணியிராத உண்மையும் படத்துக்குள் வந்துவிடும். அது வந்துவிடக்கூடாது என்பதற்காகத்தான் இன்று யாழிசை சேர்க்கிறார்களோ என்று நான் ஐயுறுகிறேன்.

1951இன் 'டேவிட்' படமும் இவ்வகையினதே. பிரித்தானியப் பெருவிழாவுக்காக போல் டிக்சன் இயக்கிய அதில், சிறுவயதிலேயே சுரங்கத்துக்குள் இறங்கிப் பின்னர் அமன்ஃபோர்ட் பாடசாலையொன்றின் காவலாளியாகிய வெல்ஷ் கவிஞர் 'அமான்வி' தமது வாழ்க்கையைத் தாமே நடித்தார். அவருடைய தம்பி அப்போது பிரித்தானிய அமைச்சர். படம் அண்ணனைப் பற்றியது.

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன். ஊர்ப் பெரியவர் ஒருவர் நிருபரிடம் அரை மணி நேரம் பேசியிருப்பார். செய்தி மேசையைத் தாண்டி அச்சுக்குப் போவது மூன்று வரி. மூன்றும் அவர் சொன்ன வார்த்தைகளே. ஆயினும் அவர் சொன்னது அதுவன்று. திரைப்படத்தில் இந்த வித்தை இன்னும் இலகு. முகமும் குரலும் அவருடையவையாக இருப்பதனால் எவரும் சந்தேகிப்பதில்லை.

இதனை நன்கு உணர்ந்தவர் டானியல் மெடோஸ். 1973, 74ஆம் ஆண்டுகளில் பழைய இரட்டைத்தட்டு பஸ் ஒன்றை ஓட்டிக்கொண்டு இங்கிலாந்தின் நகரங்களில் சாதாரண மக்களை இலவசமாகப் படம்பிடித்து, பிரதியை அவர்களுக்கே கொடுத்த புகைப்படக் கலைஞர். பின்னர் கார்டிஃப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானார். கலிபோர்னியாவில் உருவான 'டிஜிட்டல் கதைசொல்லல்' முறையைத் தழுவி, பிபிசி வேல்ஸுடன் சேர்ந்து 2001இல் அவர் தொடங்கியதுதான் 'கப்சர் வேல்ஸ்'. அதன் நடைமுறை எளியது. ஓர் ஊருக்கு மடிக்கணினிகளோடு போவார்கள். பத்துப் பேரளவில் சேர்ந்து ஐந்து நாள் பட்டறை. முதலில் வட்டமாக அமர்ந்து கதை சொல்ல வேண்டும். பின் அதனைச் சுமார் 250 சொற்களில் எழுத வேண்டும். தமது குரலிலேயே வாசிக்க வேண்டும். வீட்டுப் புகைப்படத் தொகுப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு டசின் படங்களை எடுத்துவந்து, கணினியில் தாமே அடுக்கித் தாமே வெட்டி ஒட்ட வேண்டும். இரண்டு நிமிடப் படம் தயார். வெல்ஷ் மொழியில் பேச விரும்பியோர் வெல்ஷிலேயே செய்தார்கள். கத்தரிக்கோல் கதைக்குரியவரின் கையில் இருந்தது.

இப்படங்களைக் குறைகூறுவோர் அன்றும் இருந்தார்கள். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை, பாட்டியின் பழைய படமும் தழுதழுத்த குரலும்தான் மிச்சம், தனிமனிதக் கண்ணீருக்குள் அரசியல் கரைந்துவிடுகிறது என்றார்கள். கடைசிக் குற்றச்சாட்டில் உண்மை உண்டு. வேலை இழந்தவர் தமது துயரத்தைச் சொல்கிறார். சுரங்கத்தை மூடியவர் யார் என்பதற்கு 250 சொற்களில் இடம் இல்லாமற் போய்விடுகிறது. ஆனால் அளவு சிறிது என்ற குறையை மட்டும் நான் ஏற்கமாட்டேன். நான்கடி வெண்பாவுக்குள் உலகத்தை அடக்கலாம் என்று நம்பிய மரபு நம்முடையது. வெல்ஷ்காரரிடமும் 'எங்லின்' என்றொரு செய்யுள் வடிவம் உண்டு; பெரும்பாலும் நான்கே அடி, முப்பது அசை. குறுகிய வடிவம் அவர்களுக்குப் பழக்கமானது.

2008இல் 'கப்சர் வேல்ஸ்' முடிவுக்கு வந்தது. மக்களுக்கு வெட்டி ஒட்டக் கற்றுக்கொடுப்பது செலவு மிக்கது, மெதுவானது, எதிர்பாராததைச் சொல்லிவிடக்கூடியது. ஆட்டிடையரை ஒரு முற்பகலில் படம்பிடித்துவிட்டுப் போவது மலிவு.

மலிவானதன் விளைவு எப்படியிருக்கும் என்பதற்குச் சிலேட்டுக் கல்லையே எடுத்துக்கொள்வோம். வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பு 2021இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மகிழ்ச்சி. அதே நிலப்பரப்பில்தான் பென்ரின் கல்லகழ்விடம் இருக்கிறது. அதன் உரிமையாளர் குடும்பத்தின் செல்வத்துக்கு ஜமேக்காவின் அடிமைத் தோட்டங்களில் வேர் உண்டு. அதன் தொழிலாளர்கள் 1900 முதல் 1903 வரை மூன்றாண்டுகள் நீண்ட போராட்டம் நடத்தித் தோற்றார்கள். 'இந்த வீட்டில் துரோகி இல்லை' என்று வெல்ஷில் எழுதிய அட்டைகள் வீட்டு யன்னல்களில் தொங்கின. வேலைக்குத் திரும்பியவரின் வீட்டு யன்னலில் அந்த அட்டை இராது. அந்தப் பிளவு தலைமுறைகளுக்கு ஆறவில்லை. இன்று அந்தக் குழியின் மேலாக உல்லாசப் பயணிகள் கம்பியில் தொங்கிப் பறக்கிறார்கள். உளியால் கல் பிளக்கும் முதியவரிடம் கைத்திறனைப் பற்றிக் கேட்பவர்கள், அவருடைய பாட்டனாரின் யன்னலில் அட்டை இருந்ததா என்று கேட்பதேயில்லை. உளியும் மரபுரிமை, அட்டையும் மரபுரிமை. ஒன்று மட்டும் படத்தில் இருக்கிறது.

2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி வேல்ஸில் வெல்ஷ் பேசுவோர் ஏறத்தாழ 538,000, நூற்றுக்கு 17.8. பத்தாண்டுகளுக்கு முன் 19. இத்தகைய நாட்டில் ஒரு மூதாட்டியை அவர் சமைக்கும், சண்டையிடும், செபிக்கும் மொழியை விட்டு, 'உலகத்துக்கு விளங்குவதற்காக' ஆங்கிலத்தில் பேசுமாறு வேண்டுவது சாதாரண வேண்டுகோள் அன்று. எழுத்துகள் திரையின் கீழே ஓடினால் பார்ப்பவன் எவனும் இறந்துவிடமாட்டான்.

'முதுசம்' படமான அதே லீன் குடாநாட்டில் அபர்சோக் என்றொரு கடலோரக் கிராமம் உண்டு. விடுமுறை வீடுகளால் நிறைந்த ஊர். பத்துப் பிள்ளைகள்கூட இல்லையென்ற நிலையில் அங்கிருந்த ஆரம்பப் பாடசாலை 2021 இறுதியில் மூடப்பட்டது. அந்த ஊரின் மரபைப் பற்றிக் குறும்படம் எடுக்க விரும்புவோருக்கு நான் தடை சொல்லவில்லை. கடலையும் காட்டட்டும். ஆனால் பாடசாலையில் படித்த ஒருவரை வெல்ஷிலேயே பேசவிடட்டும். வீட்டு விலைகளைப் பற்றியும் வாங்கியவர்களைப் பற்றியும் அவர் சொல்வதைக் காற்றின் இரைச்சல் என்று சொல்லி நீக்காதிருக்கட்டும். வெட்டி முடித்த படத்தை வெளியிடுமுன் அவருடைய குசினி மேசையில் வைத்து அவருக்குக் காட்டி, எதை எடுக்க வேண்டும், எதைத் திரும்பச் சேர்க்க வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும்.