பூத்தொடுக்கும் நாரில் புதுத்துணி! செல்லூர்த் தறிகளுக்கு வழி பிறக்குமா?

மதுரை மல்லிகையை எதில் தொடுக்கிறோம்? வாழை நாரில். பூ வாடியதும் நாரைக் குப்பையில் போடுகிறோம். ஆனால் செடியின் நாரில் துணி நெய்து, கலியாணத்துக்கு உடுத்துகிற மக்களும் இருக்கிறார்கள்! பிலிப்பைன்ஸ் நாட்டினர்தான் அவர்கள்.

அன்னாசி இலையில் ஆடை

அன்னாசி இலையை உடைந்த பீங்கான் தட்டால் சுரண்டுகிறார்கள். உள்ளிருந்து நார் வருகிறது. அதைக் கழுவி, உலர்த்தி, இழை இழையாகப் பிரிக்கிறார்கள். பிறகு நுனியோடு நுனியைக் கையால் முடிகிறார்கள். அந்த நூலைக் கைத்தறியில் நெய்கிறார்கள். பட்டும் நாரும் கலந்து நெய்வதும் உண்டு.

இந்த மெல்லிய துணியில் தைப்பதுதான் 'பாரோங்' என்னும் சட்டை. மாப்பிள்ளையும் போடுகிறார், ஜனாதிபதியும் போடுகிறார். அக்லான் மாகாணத்தின் இந்த நெசவை 2023-ல் ஐ.நா.வின் யுனெஸ்கோ தனது மரபுக் கலைப் பட்டியலில் சேர்த்தது.

வாழையின் உறவான அபாக்கா மரத்தின் நாரிலும் அங்கே துணி உண்டு. 'மணிலாக் கயிறு' என்று உலகம் சொல்வதும் அந்த நாரில் திரித்ததே.

நம்மிடம் இல்லையா?

இருக்கிறது! சென்னைக்கு அருகே அனகாபுத்தூர் நெசவாளர்கள் வாழைநாரைப் பருத்தியோடும் பட்டோடும் கலந்து சேலை நெய்கிறார்கள். முன்பு அவர்கள் கைக்குட்டைத் துணி நெய்து நைஜீரியாவுக்கு அனுப்பினார்கள். அந்த வாணிபம் படுத்தது. அதன் பிறகு கண்ட வழிதான் வாழைநார்.

இனி மதுரைக்கு வருவோம். வைகையின் வடகரையில் இருக்கும் செல்லூர் பழைய நெசவுப் பேட்டை. ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு கைத்தறிச் சத்தம் கேட்டது. பிறகு விசைத்தறி வந்தது. அது ஒரு நாளில் நெய்து தள்ளும் துணியைக் கைத்தறிக்காரர் பல நாள் உட்கார்ந்து நெய்ய வேண்டும். கூலி கட்டுமா? பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள்.

வாழைக்குப் பஞ்சமில்லை. கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் வாழைத் தோட்டம். ஒரு குலை தள்ளியதும் மரத்தை வெட்டிவிடுகிறோம். அந்த மட்டையில்தான் நார் இருக்கிறது. முடிச்சுப் போட்ட நாரை விசைத்தறியின் வேகத்தில் ஓட்டினால் அறுந்துவிடும். நிதானமாக நெய்யும் கைக்குத்தான் அது வளையும். கைத்தறிக்கு இது ஒரு நல்ல பிடி அல்லவா?

வாங்குவது யார்?

சிக்கல் இங்கேதான். நார் உரித்து, பிரித்து, முடிய நாள் கணக்காகும். இந்த வேலை பெரும்பாலும் பெண்கள் கையில் விழும். அவர்களுக்கும் கூலி கொடுத்தால் துணியின் விலை ஏறும். ஏறிய விலைக்கு ஆள் வேண்டுமே!

நம் அரசாங்கம் 1985-ல் ஒரு சட்டம் செய்தது. சில ரகங்களைக் கைத்தறிதான் நெய்யலாம், விசைத்தறி நெய்யக்கூடாது என்றது. முதலில் 22 ரகம் இருந்தது. பின்னர் அது 11 ஆகக் குறைந்தது.

பிலிப்பைன்ஸ் வேறு வழியில் போயிற்று. அரசாங்க ஊழியர் சீருடைக்கு உள்நாட்டு நார் கலந்த துணியே வேண்டும் என்று 2004-ல் அங்கே சட்டம் வந்தது. நம் சட்டம் போட்டியாளரைத் தடுத்தது. அவர்கள் சட்டம் வாங்குபவரைக் கொண்டுவந்தது. தடையை மீறி நெய்ய ஆள் உண்டு. வாங்க ஆள் இருந்தால் தறி தானே ஓடும்!

செல்லூருக்கு வேண்டியவை மூன்று. நார் சேர்த்துத் தரும் நிலையம் ஒன்று. முடிச்சுப் போடும் பெண்களுக்குக் கட்டுபடியாகும் கூலி ஒன்று. ஆண்டுதோறும் நிச்சயமாக வாங்கும் கை ஒன்று. முதல் இரண்டையும் கூட்டுறவுச் சங்கம் செய்யலாம். மூன்றாவதை அரசாங்கம் தொடங்கலாம்.

நாமும் கொஞ்சம் செய்யலாம். அடுத்த விசேஷத்துக்குத் துணி எடுக்கும்போது, 'கைத்தறி முத்திரை இருக்கிறதா?' என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் வாங்கி வைப்பார். அவர் வாங்கினால் நெசவாளர் வீட்டில் அடுப்பு எரியும்.